ஓடுற சர்வரைத் தொடாதே என்று அருளிய புண்ணியவான்களுக்கு

கொஞ்ச நாளா ஆணி ஜாஸ்தி. இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. இன்னிக்கும் எழுதுற மூடு இல்லைதான். ஆனா போன சனிக்கிழமை டீக்கடையில காதுல விழுந்த ஒரு வாக்கியம் நாலு நாளா உள்ள கிடந்து குடையுது. எழுதி இறக்கி வைக்கலைன்னா தூக்கம் வராது போல. பொட்டி தட்டாத நண்பர்களும் பயப்படாம படிக்கலாம். முடிஞ்ச வரைக்கும் மனுஷ பாஷையிலயே சொல்றேன் :-)

நண்பர் ஒருத்தர், சின்னக் கம்பெனி ஒண்ணுல சர்வர் பார்த்துக்கிறவர். பேர் வேணாம், கம்பெனி பேரும் வேணாம். அவங்க வெப் சர்வருக்குள்ள யாரோ புகுந்து வாடிக்கையாளர் விவரம் மொத்தத்தையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க. முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு வச்சு, "நம்மளக் குறி வச்சு ஹேக் பண்ணிருக்காங்கப்பா. பெரிய கை. இதுல நாம என்ன செய்ய முடியும்?"னு சொன்னாராம். சொல்லும்போது குரல்ல லேசா ஒரு பெருமை கூட இருந்துச்சாம்!

எந்த வழியா வந்தாங்கன்னு கேட்டேன். நண்பர் கிளாஸைப் பார்த்துக்கிட்டே சொன்னார். ரெண்டு வருஷம் முன்னாடியே ஊருக்கெல்லாம் தெரிஞ்ச ஓட்டை. அடைக்கிறதுக்கான பேட்ச் அப்பவே வந்தாச்சு, அதுவும் இலவசமா.

"அப்புறம் ஏன் போடலை?"

"ஓடுற சர்வரைத் தொடாதேன்னு மேல சொல்லிட்டாங்க தல."

அந்த வாக்கியம்தான். இருபது வருஷமா விதவிதமான வாயில இருந்து கேட்டுட்டேன். டை கட்டின வாய், கட்டாத வாய், அமெரிக்க ஆக்சென்ட்ல பேசுற வாய். கேட்கும்போது அனுபவசாலி பேச்சு மாதிரியே இருக்கும். எங்க தாத்தா காலத்து வைத்தியர் சொல்ற பத்தியம் மாதிரி ஒரு கம்பீரம் வேற. நான் சொல்றேன், இது அனுபவம் இல்லை, மூடநம்பிக்கை. தெரிஞ்ச ஓட்டையை அடைக்காம விடறது ஒரு முடிவு. அந்த முடிவை யாரோ ஒருத்தர் எடுக்கிறார். திருட்டு நடந்தப்புறம் அந்த ஒருத்தர் காணாமப் போயிடுறார், கீழ இருக்கிற ஒரு அப்பாவி மாட்டிக்கிறான். எனக்கு இருக்கிற கோபம் முழுக்க இதுமேலதான்.

கொஞ்சம் காலண்டரைப் புரட்டுவோம்

2001. மைக்ரோசாஃப்டோட ஐஐஎஸ் வெப் சர்வர்ல ஒரு ஓட்டை. ஜூன் 18ஆம் தேதியே பேட்ச் வந்தாச்சு. ஜூலை நடுவுல கோட் ரெட் புழு கிளம்புச்சு. ஜூலை 19 அன்னிக்கு மட்டும் 14 மணி நேரத்துக்குள்ள 3,59,000க்கும் மேல பொட்டிகள் காலி. பேட்ச் கைக்கு வந்து முழுசா ஒரு மாசம் ஆகியிருந்தது.

"அட, அது மைக்ரோசாஃப்ட். நாங்கள்லாம் லினக்ஸ் பார்ட்டி"ன்னு காலரைத் தூக்கிவிடுறவங்க கொஞ்சம் உட்காருங்க. 2002 ஜூலை 30ல ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருள்ல சில ஓட்டைகளை அறிவிச்சு, திருத்தமும் குடுத்தாங்க. செப்டம்பர் நடுவுல ஸ்லாப்பர்னு ஒரு புழு. குறி வச்சதே லினக்ஸ்ல ஓடுற அப்பாச்சி சர்வர்களைத்தான். நடுவுல ஒன்றரை மாசம் டயம் இருந்துச்சு.

2017. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்ல ஓட்டை, மார்ச் 7ல திருத்தம். அமெரிக்காவுல ஈக்விஃபாக்ஸ் கம்பெனிக்குள்ள திருடன் அதே ஓட்டை வழியா நுழைஞ்சு தகவலை அள்ள ஆரம்பிச்சது மே நடுவுல. ரெண்டு மாசம். இந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, மேலிடத்துக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது. பேட்ச் வர்ற அன்னிக்குத்தான் திருடனுக்கும் விலாசம் கிடைக்குது. பழைய நிரலையும் புது நிரலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா ஓட்டை எங்க இருந்துச்சுன்னு தானாத் தெரிஞ்சுடும். நேத்து வரைக்கும் நாலு பேருக்குத் தெரிஞ்ச ரகசியம் இன்னிக்கு ஊர்ப் பொதுச் சொத்து. அதனால "இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே"ங்கிற கணக்கு பேட்ச் வந்த நிமிஷத்தோட செத்துப் போச்சு. அப்புறமும் தொடாம உட்கார்ந்திருக்கிறது பொறுமையே இல்லை. வாசக்கதவுல "பூட்டு ரிப்பேர்"னு போர்டு மாட்டிட்டு ஊருக்குப் போற வேலை.

போனா என்ன, கொஞ்சம் டேட்டா தானே?

இப்படிக் கேட்கிறவங்களுக்கு ஒரு நெதர்லாந்துக் கதை.

நீங்க ஒரு தளத்துக்குப் போறீங்க, முகவரி எச்டிடிபிஎஸ்னு ஆரம்பிக்குது. "இது நிஜமாவே அந்தத் தளம்தான், நான் கேரன்டி"ன்னு ஒரு மூணாவது ஆள் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கார்னு அர்த்தம். அந்தக் கையெழுத்துக்குத்தான் சான்றிதழ்னு பேரு. பத்திர ஆபீஸ் வாசல்ல உட்கார்ந்திருக்கிற நோட்டரி மாதிரின்னு வச்சுக்குங்க. டிஜிநோட்டார் அப்படிப்பட்ட ஒரு டச்சு நோட்டரிக் கம்பெனி. அவங்க வித்த சரக்கே நம்பிக்கைதான், வேற ஒண்ணும் கிடையாது. டச்சு அரசாங்கமே தன் தளங்களுக்கு இவங்க சான்றிதழைத்தான் வாங்கிட்டு இருந்துச்சு.

2011 ஜூன்ல உள்ள புகுந்தான் ஒருத்தன். ஜூலையில கூகுள் பேருக்கே போலிச் சான்றிதழ் அடிச்சாச்சு. ஜூலை 19ல கம்பெனிக்கு விஷயம் தெரிஞ்சு போச்சு. வெளிய மூச்சு விட்டாங்களா? ம்ஹூம். ஆகஸ்ட் கடைசியில ஈரான்ல இருந்து ஜிமெயில் திறந்த ஒருத்தருக்கு குரோம் உலாவி எச்சரிக்கை காட்டுச்சு. அவர் இது என்னன்னு கூகுள்கிட்ட கேட்டப்புறம்தான் உலகத்துக்கே தெரிஞ்சது.

விசாரிக்க வந்தவங்க ஃபாக்ஸ்-ஐடிங்கிற பாதுகாப்பு நிறுவனம். அவங்க அறிக்கை என்ன சொல்லுதுன்னா, 531 போலிச் சான்றிதழ்கள். போலி கூகுள் சான்றிதழ்ல மாட்டினது சுமார் 3 லட்சம் ஐபி முகவரிகள், கிட்டத்தட்ட எல்லாமே ஈரான். அப்புறம் ஒரு வரி, அதைப் படிச்சிட்டு நான் ஸ்க்ரீனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்: பொதுவுல இருந்த வெப் சர்வர்கள்ல ஓடின மென்பொருள் பழசு, பேட்ச் போடாதது. சோதிச்சுப் பார்த்த சர்வர்கள்ல ஆன்டிவைரஸ் கூட கிடையாது.

உலகத்துக்கே நம்பிக்கைக் கையெழுத்து போட்டுக் குடுக்கிறவன் வீட்டுத் தாழ்ப்பாள் துருப்பிடிச்சு ஆடிக்கிட்டு இருந்திருக்கு. யாருக்கும் தொட மனசு வரலை. ஏன்னா ஓடிக்கிட்டு இருந்துச்சு.

செப்டம்பர் 3ல டச்சு அரசாங்கம் கையைக் கழுவிடுச்சு. செப்டம்பர் 20ல கம்பெனி திவால். போகட்டும், கம்பெனி போனா வேற கம்பெனி வரும். எனக்கு அந்த மூணு லட்சம் முகவரிதான் மனசை விட்டுப் போகலை. அந்த முகவரிக்குப் பின்னாடி அரசாங்கத்துக்குப் பிடிக்காததை நண்பனுக்கு எழுதினவன் எத்தனை பேரோ. அவன் மெயிலை வேற யாராவது படிச்சா பேங்க் கணக்குல காசு குறையறதோட நிக்காது, வீட்டுக் கதவைத் தட்டுவாங்க. "கொஞ்சம் டேட்டா" அங்க அப்படித்தான் இருக்கும்.

நம்ம ஊரும் ஒண்ணும் குறைச்சல் இல்லை. 2014 ஜூலையில நம்ம மத்திய அரசின் என்.ஐ.சி. சான்றிதழ் பிரிவுல இருந்து கூகுள் பேர்ல அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளிய வந்துச்சு. கண்டுபிடிச்சது கூகுள். மொத்தம் நாலுதான்னு இங்க இருந்து விளக்கம் போச்சு. அதுக்கு மேலயும் நாங்க பார்த்திருக்கோமேன்னு அங்க இருந்து பதில் வந்துச்சு. இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

இப்ப எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம்

நியாயமாப் பேசணும்னா, "தொடாதே" கோஷ்டிகிட்ட ஒரு பலமான வாதம் இருக்கு. அதை மறைச்சுட்டு எழுதினா நான் போங்கு ஆட்டம் ஆடுற மாதிரி.

2014 ஏப்ரல் 7. ஹார்ட்பிளீட். அதே ஓப்பன்எஸ்எஸ்எல். ரெண்டு பொட்டி பேசிக்கிட்டு இருக்கும்போது நடுவுல "இருக்கியா?"ன்னு கேட்டுக்கிற ஒரு வசதி உண்டு. நான் ஒரு சொல்லை அனுப்பி அது எத்தனை எழுத்துன்னும் சொல்லணும், நீ அதையே திருப்பி அனுப்பணும். கோளாறு என்னன்னா, நான் சொல்ற கணக்கு சரியான்னு சர்வர் பார்க்கவே இல்லை. கடைக்காரர்கிட்ட கைப்பிடி அரிசியைக் குடுத்து, "இது ஒரு மூட்டை அண்ணே, அப்படியே திருப்பிக் குடுங்க"ன்னு கேட்கிறான் ஒருத்தன். அவரும் எடை போடாம, அந்தக் கைப்பிடியோட பக்கத்துக் குவியல்ல இருந்தும் அள்ளி மூட்டை கட்டிக் குடுக்கிறார். ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரைக்கும். குவியல்ல என்ன கிடந்ததோ அது போச்சு. யாரோ ஒருத்தரோட கடவுச்சொல்லோ, அதிர்ஷ்டம் இருந்தா சர்வரோட ரகசியச் சாவியோ கூட வரும். சாவி எல்லாம் வெளிய வராதுன்னு சந்தேகம் இருந்தப்போ கிளவுட்ஃபிளேர் நிறுவனம் ஒரு சர்வரை வச்சு, முடிஞ்சா எடுத்துப் பாருங்கன்னு சவால் விட்டுச்சு. அன்னிக்கே எடுத்துட்டாங்க.

இந்தக் கோளாறு இருந்தது 1.0.1 வரிசையில. பழைய 0.9.8 வரிசையில கிடையாது. அதாவது ஒழுங்கா அப்டேட் பண்ணினவன் மாட்டிக்கிட்டான், சோம்பேறி தப்பிச்சான்!

அப்ப நான் இருந்த கம்பெனியில முக்கால்வாசி சர்வர் பழசு. ஏப்ரல் 8 காலையில நாங்க அலறி அடிச்சு ஒவ்வொரு பொட்டியாப் பார்த்தா, பாதிப்பே இல்லை. மேலாளர் காபி கப்போட வந்து நின்னு சிரிச்ச சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கு. "பார்த்தியா? இதுக்குத்தான் சொன்னேன், ஓடுறதைத் தொடாதேன்னு." எங்ககிட்ட பதில் இல்லை. உண்மைதானே?

2021லயும் இதே மாதிரி ஒண்ணு. அப்பாச்சி 2.4.49ல மட்டும் ஒரு மோசமான ஓட்டை. அதுக்கு முந்தின பதிப்பு வச்சிருந்தவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அக்டோபர் 4ல 2.4.50 வந்துச்சு, அந்தத் திருத்தமும் அரைகுறை. மூணு நாள்ல 2.4.51 விட வேண்டியதாப் போச்சு. ஆக, பேட்ச் சொதப்பும், புதுசுல புது ஓட்டை வரும். ஒத்துக்கிறேன்.

ஆனா மேலாளரோட சிரிப்பு அஞ்சரை மாசம்தான் நீடிச்சுது.

2014 செப்டம்பர் 24

ஷெல்ஷாக். பாஷ் ஷெல்ல 1989ல இருந்து தூங்கிக்கிட்டு இருந்த ஓட்டை. பழைய பாணி சிஜிஐ ஸ்க்ரிப்ட் ஓடுற வெப் சர்வர்னா, வெளியில இருந்து ஒரு வரி அனுப்பினாப் போதும், உள்ள என்ன வேணா செய்யலாம். எங்க சர்வர்கள்ல சிஜிஐ ஸ்க்ரிப்ட் வண்டி வண்டியா இருந்துச்சு.

புது லினக்ஸ் வச்சிருந்தவங்களுக்கு அன்னிக்கே பேட்ச் வந்துச்சு. அது பத்தாம அடுத்தடுத்த நாள்ல இன்னும் சிலது வந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கட்டளை, ரெண்டு நிமிஷ வேலை. எங்களுக்கு? எங்க லினக்ஸுக்கு ஆதரவுக் காலம் முடிஞ்சே ரொம்ப நாளாச்சு. பேட்ச் போட வழியே கிடையாது. தீப்பிடிச்சப்புறம் ஃபயர் சர்வீஸுக்கு போன் பண்ணினா, "உங்க தெருவுக்கு வண்டி வர்றதை நிறுத்தியாச்சு சார்"னு சொன்ன கதை.

ராத்திரி முழுக்க உட்கார்ந்து நிரலை இறக்கி, கையால கம்பைல் பண்ணி, ஒவ்வொரு பொட்டியா மாத்தினோம். பாதியில பார்த்தா ஒரு சர்வர் எங்க பேச்சைக் கேட்கலை. ஏற்கெனவே யாரோ உள்ள குடியேறி, அங்க இருந்து ஊரான் சர்வரை எல்லாம் தட்டிக்கிட்டு இருந்தான். வாடிக்கையாளர் ஒருத்தரோட பணம் சம்பந்தப்பட்ட கோப்புகள் இருந்த பொட்டி அது.

தொடாம இருந்தா ஒரு ஓட்டையில இருந்து தப்பிக்கலாம். அது குருட்டு அதிர்ஷ்டம். பழசுலயே உட்கார்ந்திருக்கிறவன் தப்பிச்சது ஹார்ட்பிளீட்ல மட்டும்தான். அதுக்கு முன்னாடி வந்த எல்லா ஓட்டையும் அவன் வீட்டுல அப்படியே திறந்து கிடக்கு, அடுத்தது வரும்போது அடைக்க ஆளும் இல்லை. அடிக்கடி தொட்டுப் பழகினவனுக்கு 2.4.51 வந்தா அரை மணி நேர வேலை. வருஷக்கணக்கா தொடாதவனுக்கு அதுவே மூணு மாச ப்ராஜெக்ட், கூடவே குலை நடுக்கம். "தொட்டா உடைஞ்சிடும்"ங்கிற பயம் தொடாம விட்டதால வளர்ந்த பயம்தான் மக்களே.

யார் அந்தச் சர்வரைப் பார்த்துக்கிட்டது?

ஈக்விஃபாக்ஸ் கதைக்கு வர்றேன்னு சொன்னேன்ல.

மார்ச் 7 திருத்தம் வந்துச்சு. மார்ச் 9ல உள்ளுக்குள்ள எல்லாருக்கும் மெயில்: 48 மணி நேரத்துக்குள்ள பேட்ச் போடுங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த மெயில் பட்டியலே பழசு, போட வேண்டிய ஆளுங்களுக்கே அது போய்ச் சேரலைன்னு அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் பின்னாடி சொல்லுச்சு. மார்ச் 15ல ஓட்டை இருக்கான்னு ஸ்கேன் ஓட்டினாங்க, ஒண்ணும் அகப்படலை. மே 13ல இருந்து ஜூலை 30 வரைக்கும் திருடன் உள்ளயே குடித்தனம் நடத்தினான். சுமார் 14.7 கோடி பேரோட விவரம் போச்சு.

ஏன் யாரும் பார்க்கலை? பார்க்கிறதுக்குன்னே ஒரு கருவி வச்சிருந்தாங்க. அந்தக் கருவியில இருந்த சான்றிதழ் பல மாசம் முன்னாடியே காலாவதி. அதனால அது குருடா உட்கார்ந்திருந்துச்சு. ஜூலை 29ல சான்றிதழைப் புதுப்பிச்ச உடனே சந்தேகத்துக்குரிய போக்குவரத்து கண்ணுல பட்டுடுச்சு. ஒரு சான்றிதழைப் புதுப்பிக்கிற வேலை. காவக்காரனுக்குக் கண்ணாடி மாத்திக் குடுக்கிற அளவு வேலை.

அக்டோபர்ல தலைமை அதிகாரியா இருந்த ரிச்சர்ட் ஸ்மித் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னாடி வந்து உட்கார்ந்தார். என்ன காரணம் சொன்னார் தெரியுமா? மனிதத் தவறு. பேட்ச் போடணும்னு சரியான ஆளுக்குச் சொல்ல வேண்டிய ஒரு தனிநபர் சொல்லலையாம். ஸ்கேனரும் கைவிட்டுடுச்சாம்.

ஒரு தனிநபர்! ஆயிரக்கணக்குல ஊழியர்கள், கோடிக்கணக்குல ஜனங்களோட ஜாதகம் கையில. இது அத்தனையும் ஒரே ஒரு ஆள் ஒரு மெயிலை தள்ளி விடறதை நம்பித் தொங்கிக்கிட்டு இருந்துச்சுன்னா, அப்படித் தொங்கவிட்டது யாரு? மெயில் பட்டியலைப் புதுப்பிக்கிறதுக்கும், எந்தப் பொட்டியில என்ன ஓடுதுன்னு கணக்கு எடுக்கிறதுக்கும் ஆளும் நேரமும் குடுக்காதது யாரு? 2019ல அந்தக் கம்பெனி 70 கோடி டாலர் வரைக்கும் போகக்கூடிய சமரசத்துக்கு ஒத்துக்கிட்டுது. அதுல துளியூண்டு முன்னாடியே செலவு பண்ணியிருந்தா போதும். தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கிறதுன்னு நம்ம ஆளுங்க சும்மாவா சொன்னாங்க.

அந்தத் தனிநபர் வாக்குமூலத்தைப் படிச்சப்போ எனக்குக் கை நடுங்குச்சு. ஏன்னா அதே காட்சியை நான் 2014ல நேர்ல பார்த்திருக்கேன்.

ஷெல்ஷாக் முடிஞ்ச அடுத்த வாரம் மீட்டிங். வாடிக்கையாளர் தரப்பு ஆளுங்களும் லைன்ல. முதல் கேள்வியே, "அந்தச் சர்வரோட அட்மின் யாரு?" எங்க டீம்ல ஒரு பையன். வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம். அவன் பேரைச் சொன்னாங்க. "உங்க பொறுப்புல இருந்த மெஷினை ஏன் அப்டேட் பண்ணலை?" பையன் முகம் வெளுத்துப் போச்சு. ஏதோ சொல்ல வந்தான், வாய் வரலை.

அந்தச் சர்வரை மாத்தணும்னு அவன் மூணு தடவை மெயில் போட்டிருந்தான். மூணுலயும் எனக்கு நகல் உண்டு. மூணுக்கும் வந்த பதில் ஒண்ணுதான்: அடுத்த குவார்ட்டர் பார்த்துக்கலாம். அந்த மெயில் மூணும் அப்ப என் லேப்டாப்ல, ரெண்டு க்ளிக் தூரத்துல இருந்துச்சு. நான் டீம் லீட். வீட்டுக்கடன் வாங்கி அஞ்சு மாசம். மேலாளர் எதிர்ல உட்கார்ந்திருந்தார். நான் தண்ணி பாட்டிலைத் திறந்து குடிச்சேன்.

அந்தப் பையன் அடுத்த மாசம் பேப்பர் போட்டுட்டான். யாரும் போகச் சொல்லலை, ஆனா யாரும் இருன்னும் சொல்லலை. கடைசி நாள்ல எனக்குக் கை குடுத்துட்டு, "பரவாயில்லண்ணே"ன்னான். அந்த "பரவாயில்ல" இன்னும் செரிக்கலை எனக்கு. டீக்கடையில நண்பர் தலையைக் குனிஞ்சப்போ எனக்கு அவன் முகம்தான் தெரிஞ்சுது.

ஊரான் வீட்டு நெய்யே

இன்னொரு கூட்டத்தையும் விடறதா இல்லை. ஹார்ட்பிளீட் வந்தப்போ "இதுக்குத்தான் ஓப்பன் சோர்ஸை நம்பக் கூடாது"ன்னு ஒரு கூட்டம் குதிச்சுது. காசு குடுத்து வாங்கின ஐஐஎஸ்தான் கோட் ரெட்ல கவுந்துச்சு, மறந்துடாதீங்க. இன்னொரு பக்கம், "ஆயிரம் கண்ணு பார்க்குது, அதனால பத்திரம்"னு நம்ம லினக்ஸ் கோஷ்டி. ஹார்ட்பிளீட் கோளாறு உள்ள போனது 2011 டிசம்பர் 31. வெளிய வந்த 1.0.1 பதிப்பு 2012 மார்ச். ரெண்டு வருஷம் எந்தக் கண்ணும் பார்க்கலை. எல்லாரும் வேற யாரோ பார்ப்பாங்கன்னு இருந்துட்டோம்.

உலகத்துல பாதி கடைகள் காசு வாங்கினது அந்த மென்பொருளை நம்பி. அதை எழுதிப் பராமரிச்சவங்களுக்கு அப்ப வருஷத்துக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழுநேரமா வேலை செஞ்சது ஒரே ஒருத்தர்! ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு எல்லாக் கம்பெனியும் ஊத்தித் தின்னுச்சு. ஹார்ட்பிளீட் வெடிச்ச அதே மாசம், லினக்ஸ் ஃபவுண்டேஷன் தலைமையில பெரிய பெரிய கம்பெனிங்க ஒரு டஜனுக்கும் மேல சேர்ந்து மூணு வருஷத்துக்கு சுமார் 39 லட்சம் டாலர் குடுக்க ஒத்துக்கிட்டாங்க. நல்ல விஷயம்தான். ஆனா அந்தப் பணம் அந்தக் கல்லாவுல அதுக்கு முந்தின நாளும் இருந்துச்சுல்ல?

பேட்ச் போடாத மேலாளரும், எழுதிக் குடுத்தவனுக்குக் காசு குடுக்காத கம்பெனியும் செய்றது ஒரே வேலை. பராமரிப்புங்கிறது கண்ணுக்குத் தெரியாத வேலை, அதனால அதுக்குச் சம்பளம் கிடையாதுங்கிற வேலை.

சரி, என்னதான்யா செய்யச் சொல்ற?

சும்மா திட்டிட்டுப் போனா நானும் அந்த மீட்டிங்ல தண்ணி குடிச்ச ஆள் மாதிரிதான். அதனால:

1. எந்தப் பொட்டியில என்ன ஓடுது, எந்தப் பதிப்பு, ஆதரவு எப்ப முடியுதுன்னு ஒரு பட்டியல். மளிகைக் கடை நோட்டுல எழுதினாலும் சரி. ஈக்விஃபாக்ஸ் விழுந்த குழி இதுதான்.

2. மாசத்துல ஒரு நாள் பராமரிப்பு நாள். சோதனைப் பொட்டியில முதல்ல, அப்புறம் நிஜத்துல. திருவிழாத் தேதி மாதிரி முன்கூட்டியே குறிச்சுடணும், ரிலீஸ் நெருக்கடின்னு யாரும் கை வைக்கக் கூடாது.

3. சாவி கசிஞ்சிருக்கலாம்னு தெரிஞ்சா பேட்ச் மட்டும் போதாது. புதுச் சாவி, புதுச் சான்றிதழ், பழையதுக்கு ரத்து. ஹார்ட்பிளீட் சமயத்துல பழைய சாவியை வச்சே புதுச் சான்றிதழ் வாங்கின கூத்தும் நடந்துச்சு. திருடன் கையில நகல் இருக்கிற சாவிக்குப் புதுச் செயின் மாட்டி என்ன பிரயோஜனம்?

4. சான்றிதழ் புதுப்பிக்கிறதைத் தானா நடக்கிற மாதிரி பண்ணுங்க. 2015ல வந்த லெட்ஸ் என்கிரிப்ட், ஆயுள் 90 நாள்தான்னு வச்சுதே இதுக்காகத்தான். 2025 ஏப்ரல்ல உலாவிக் கம்பெனிகளும் சான்றிதழ் கம்பெனிகளும் சேர்ந்து எடுத்த முடிவுப்படி 2029 மார்ச் 15ல இருந்து ஒரு சான்றிதழோட அதிகபட்ச ஆயுள் 47 நாள். "தொடாதே" பரம்பரைக்கு இதைவிட நல்ல மரண அறிவித்தல் நான் பார்த்ததில்லை. ஒன்றரை மாசத்துக்கு ஒரு தடவை தொட்டே ஆகணும் அண்ணாச்சி!

5. இதுதான் முக்கியம். "இப்ப வேணாம்"னு மேல இருந்து பதில் வந்தா, அதை எழுத்துல வாங்குங்க. இன்ன ஓட்டை, இன்ன தேதியில பேட்ச் வந்துச்சு, போட வேணாம்னு முடிவு எடுத்தவர் இன்னார். ஒரே ஒரு வரி. பேர் எழுதணும்னு சொன்ன உடனே எத்தனை குவார்ட்டர் முன்னாடி நகருதுன்னு பாருங்க.

அந்த வரியை ஒரு நாள் மீட்டிங்ல வாசிக்க வேண்டி வந்தா வாசிங்க. உங்க டீம்ல இருக்கிற சின்னப் பையனோ பொண்ணோ முகம் வெளுத்து உட்கார்ந்திருக்கும்போது, தண்ணி பாட்டிலைத் தேடாதீங்க.

டீக்கடை நண்பர்கிட்ட இதைத்தான் சொல்லிட்டு வந்தேன். அவர்கிட்டயும் பழைய மெயில் இருக்காம். திங்கக்கிழமை மீட்டிங்காம். வீட்டுக்கடன் அவருக்கும் இருக்கு. என்ன செய்யப் போறார்னு எனக்குத் தெரியாது. நான் அன்னிக்குச் செய்யாததை அவராவது செய்யட்டும்.

டிஸ்கி: அந்தப் பழைய கம்பெனியில இருந்து நான் வெளிய வந்து பல வருஷமாச்சு. மேலாளர் இதைப் படிக்கிறாராங்கிறது தெரியலை. படிச்சா, சார், உங்க காபி நல்லாத்தான் இருந்துச்சு. அந்தப் பையன் படிச்சா, தம்பி, பரவாயில்லைன்னு சொல்லியிருக்கக் கூடாதுடா நீ.